புதராகிப் போன பூச்செடிகளை அழகு கெடாமல் கவாத்து செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, இட்லிப்பூ, காகிதப்பூ, பவழமல்லி. வீட்டு வாசலில் ஆசையாக நட்ட இந்தச் செடிகள் ஏழெட்டு வருடத்தில் ஜன்னலை மறைத்து, நடைபாதையை அடைத்து, அடியில் வெறும் குச்சியும் மேலே கொஞ்சம் பூவுமாக நிற்கும். அப்போது யாராவது அரிவாளோடு வந்து உருண்டையாகவோ சதுரமாகவோ மொட்டையாகவோ வெட்டிவிட்டுப் போவார்கள். அப்படி வெட்டாமல், செடி தன் உருவத்திலேயே சிறிதாக நிற்கும்படி கழித்து விடுவது எப்படி என்பதுதான் இந்தப் பக்கம். தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களின் வெயிலையும் மழையையும் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மாதக் கணக்கு மாறும், வெட்டும் முறை மாறாது.

சுற்றிலும் ஒரே மட்டமாக வெட்டினால் பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது? அதில் என்ன தவறு?

வெட்டிய அன்றைக்குச் சுத்தமாக இருக்கும், உண்மைதான். பிறகு நடப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு கிளையின் நுனிக்குருத்தும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை, கீழே உள்ள கணுக்கள் துளிர்க்காமல் அடங்கி இருக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை போய்விடுகிறது. வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு, மூன்று, சில செடிகளில் ஐந்தாறு கணுக்கள் ஒரே நேரத்தில் துளிர்க்கின்றன. ஒரு கிளை நின்ற இடத்தில் ஒரு கொத்தே கிளம்பிவிடுகிறது.

இதையே செடி முழுக்க, வெளிவிளிம்பில், வருடத்துக்கு நான்கு முறை செய்தால் வெளிப்புறம் இலையால் அடைத்துக்கொள்ளும். உள்ளே வெளிச்சம் போகாது. வெளிச்சம் படாத இலையைச் செடி வைத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும். கடைசியில் விரித்த குடை மாதிரி மேலே ஒரு போர்வை, உள்ளே வெறும் கம்பி. அப்படிப்பட்ட செடியைக் கையால் விலக்கி உள்ளே பாருங்கள்: விரல் நீளத்துக்கு மட்டும் இலை, அதற்குள்ளே காய்ந்த சுள்ளி, பழைய இலைக் குப்பை, அதில் மாவுப்பூச்சி. அந்தப் போர்வை ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அங்குலம் தடித்துக்கொண்டே போவதால், வெட்ட வெட்டச் செடி பெரிதாகத்தான் ஆகும். பூவும் குறையும், ஏனென்றால் நாம் வெட்டித் தள்ளும் நுனிகளில்தான் பல செடிகளுக்குப் பூவே வருகிறது.

அப்படியானால் எங்கே வெட்ட வேண்டும்?

உள்ளே. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கை செடிக்குள்ளே போக வேண்டும். நீளமாகப் போன ஒரு கிளையை விளிம்பில் நறுக்காமல், அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். அது எங்கே வேறொரு கிளையிலிருந்து பிரிகிறதோ, அந்தக் கவட்டில் வெட்டுங்கள். கிளை முழுசாகப் போய்விடும், வெட்டிய இடம் மற்ற இலைகளுக்குள் மறைந்துவிடும், கொத்துத் துளிரும் பெரிதாக வராது. நுனியோடு இருக்கும் பக்கத்துக் கிளை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

நீளத்தைக் குறைக்க மட்டும் வேண்டுமானால், சரியான திசையில் போகும் ஒரு பக்கக்கிளையைத் தேர்ந்து அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிட ஒல்லியாக இருந்தால் புது நுனியாகப் பொறுப்பெடுக்காது, அங்கேயும் கொத்துத் துளிர்தான் வரும்.

செடியின் இயற்கை வடிவம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் வீட்டுச் செடி வாங்கிய நாளிலிருந்து வெட்டுப்பட்டே நிற்கிறது.

கிளை பிரியும் விதத்தைப் பார்த்தால் செடியே சொல்லிவிடும். நந்தியாவட்டையில் ஒவ்வொரு கிளையும் இரண்டிரண்டாகக் கவட்டையாகப் பிரிந்து, பக்கவாட்டில் அடுக்கடுக்காகப் படர்ந்து போகும். அதைத் தன்போக்கில் விட்டால் அகலமான, தளர்வான மேடை மேடையான உருவம் கிடைக்கும். பவழமல்லியின் இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும், நுனிகள் வளைந்து கீழே தொங்கும். அதை உருண்டையாக வெட்டுவது அந்தத் தொங்கலையே அழிப்பது. அரளி அடியிலிருந்து பல தண்டுகளாக எழும்பி, மேலே போய் விரியும் பூங்கொத்து வடிவம். செம்பருத்தி நிமிர்ந்து வளரும். காகிதப்பூ வளைந்து விழும் கொடிக்கிளை. இட்லிப்பூ இயல்பாகவே நெருக்கமான குவியல்.

பக்கத்துத் தெருவிலோ கோயில் நந்தவனத்திலோ அதிகம் கத்தரி படாத அதே செடியைத் தேடிப் பாருங்கள். பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் செடியின் முன் நின்றால், எது அதன் கிளை, எது வெட்டினால் வந்த கிளை என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

முன்னே நின்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஒரு வரிசை சொல்ல முடியுமா?

ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு பழைய நந்தியாவட்டையை எடுத்துக்கொள்வோம். முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் இலைதான் தெரியும், தரையோரமாகக் குனிந்து பார்த்தால்தான் செடியின் எலும்புக்கூடு தெரியும். அடியில் கிடக்கும் சருகை ஒரு கம்பால் விலக்குங்கள், அடைசலான புதரடியில் பாம்பு, தேள் ஒதுங்கியிருக்கலாம்.

முதல் வேலை காய்ந்தது. சந்தேகமாக இருந்தால் பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர், பழுப்பாக வறண்டிருந்தால் போய்விட்டது. காய்ந்ததை எடுக்கக் கணக்கே கிடையாது, எல்லாவற்றையும் எடுக்கலாம். பல செடிகளில் இதை எடுத்ததுமே பாதிப் புதர் போய்விடும்.

அடுத்து ஒன்றோடொன்று உரசும் கிளைகள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். செடியின் நடுவை நோக்கித் திரும்பி வளர்வதை எடுங்கள், வெளியே போவதை வையுங்கள். மூன்றாவதாக, அடித்தண்டுகளில் மிகப் பழையது எது என்று பாருங்கள். பட்டை வெடித்து, சாம்பல் நிறத்தில், உச்சியில் மட்டும் இலை வைத்திருப்பது அது. அதில் ஒன்றையோ இரண்டையோ தரையோடு எடுத்துவிட்டால், உள்ளே சட்டென்று வெளிச்சம் விழும்.

ஒவ்வொரு பெரிய வெட்டுக்கும் பிறகு எழுந்து நான்கடி பின்னால் போய்ப் பாருங்கள். வெட்டப்போகும் கிளையை முன்கூட்டியே கையால் வளைத்துப் பிடித்து மறைத்தால், அது இல்லாமல் செடி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். வெட்டிய பிறகு ஒட்டவைக்க முடியாதல்லவா, அந்த அரை நிமிடம் செலவழிக்கத் தகுந்தது. கடைசியாகத்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், அவற்றையும் முன்னே சொன்னபடி உள்ளே போய்க் கவட்டில் வெட்ட வேண்டும்.

ஒரே தடவையில் எவ்வளவு எடுக்கலாம்?

உயிருள்ள பகுதியில் கால் பங்கு, அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு. இலைதான் செடிக்குச் சமையலறை, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் அதன் இருப்பு. அதிகமாக வெட்டினால் இருப்பைக் கரைத்து அவசர அவசரமாக இலை போடும், அந்த அவசர வளர்ச்சிதான் நேர்க்குச்சியாக உயர்ந்து வடிவத்தைக் கெடுக்கும்.

மிகவும் முற்றிய செடிக்கு மூன்று வருடத் திட்டம் வையுங்கள். முதல் வருடம் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு எடுங்கள். அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பும், அவற்றில் நல்ல இடைவெளியில் வந்திருக்கும் சிலவற்றை வைத்துக்கொண்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் வருடங்களிலும் அப்படியே. மூன்றாவது வருடம் முடியும்போது செடி முழுக்கப் புதுத் தண்டாக இருக்கும், இடையில் ஒருநாள்கூட வாசல் மொட்டையாக நின்றிருக்காது.

அவ்வளவு பொறுமை இல்லை. தரையோடு வெட்டிவிட்டால் மறுபடி வராதா?

சில செடிகள் வரும். அரளி, மருதாணி, மயில்கொன்றை, பவழமல்லி, நந்தியாவட்டை இவையெல்லாம் வேர் திடமாக இருந்தால் அடியிலிருந்து தழைத்துவிடும். முழங்கால் உயரம் விட்டு வெட்டலாம். ஆனால் அதோடு வேலை முடியாது. வெட்டிய முண்டிலிருந்து இருபது முப்பது துளிர் எழும்பும், அவற்றில் ஐந்தாறை மட்டும் விட்டு மற்றதை எடுக்காவிட்டால் முன்பைவிட மோசமான புதர்தான் கிடைக்கும். பெரும்பாலான வீடுகளில் வெட்டுவது நடக்கிறது, இந்த இரண்டாவது வேலை நடப்பதே இல்லை.

இட்லிப்பூவை இப்படி வெட்ட வேண்டாம். அது மெதுவாக வளரும் செடி. முழுமொட்டையிலிருந்து எழும்ப வெகுகாலம் எடுத்துக்கொள்ளும், வயதான செடி எழும்பாமலே போகவும் கூடும். துஜா போன்றவை நிச்சயமாகப் போய்விடும், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் வெட்டுவது நல்லது?

சமவெளியில் எனக்குப் பிடித்த காலம் இரண்டு. ஒன்று, மார்கழிப் பனி குறைந்து வெயில் ஏறுவதற்கு முன், ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் இருக்கும், துளிர்க்க இதமான வெப்பம் வரும். மற்றது, ஜூலை, ஆகஸ்ட். கோடை தணிந்திருக்கும், புதுத் துளிர் முற்றுவதற்கு ஐப்பசி மழைக்கு முன் அவகாசம் இருக்கும்.

கத்திரி வெயிலில் பெரிய வெட்டு வேண்டவே வேண்டாம். இதுவரை நிழலில் இருந்த உள்தண்டின் பட்டை திடீரென்று மே மாத வெயிலில் பட்டால் வெந்து வெடித்துவிடும், அந்த வெடிப்பில் தண்டுத் துளைப்பான் புழுவும் பூஞ்சையும் நுழையும். அடைமழை நாட்களும் தள்ளிப்போட வேண்டியவை, ஈரமான வெட்டுக்காயத்தில் அழுகல் சீக்கிரம் பிடிக்கும். காய்ந்த கிளை, ஒடிந்த கிளை, நோய்பட்ட கிளை இவற்றுக்கு மட்டும் மாதம் பார்க்க வேண்டியதில்லை.

கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் செப்டம்பருக்குள் உயரமான செடிகளின் உட்பகுதியைக் கொஞ்சம் திறந்துவிடுவது நல்லது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலை அனுபவித்தவர்களுக்குக் காற்றின் பலம் தெரியும். அடைத்துக்கொண்டு நிற்கும் தலை காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும், இடைவெளி உள்ள தலை கடத்திவிடும்.

வெட்டினால் அந்த வருடம் பூக்காமல் போய்விடுமா?

நம் ஊர்ப் பூச்செடிகள் பெரும்பாலும் புதுத் துளிரின் நுனியில் பூப்பவை. செம்பருத்தி, காகிதப்பூ, அரளி, மயில்கொன்றை, இட்லிப்பூ எல்லாமே அப்படித்தான். வெட்டினால் சில வாரங்கள் பூ இருக்காது, பிறகு முன்பைவிட அதிகமாக வரும். பவழமல்லி மழைக்காலத்தை ஒட்டிப் பூத்து முடிப்பது, எனவே அதைப் பூ ஓய்ந்த பிறகு ஜனவரி, பிப்ரவரியில் கழிக்க வேண்டும். ஆகஸ்டில் கை வைத்தால் அந்த வருடத்துப் பூவை இழப்பீர்கள்.

குண்டுமல்லிக்குக் கணக்கே வேறு. அது பூவுக்காக வளர்க்கும் செடி, உருவத்துக்காக அல்ல. பூ விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ உயரத்துக்கு எல்லாச் செடிகளையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுவார்கள். வீட்டிலும் அதையே செய்யலாம், கோடை தொடங்கும்போது மொட்டு கட்டும்.

எங்கள் செம்பருத்தி மாடிக்குப் போய்விட்டது. பூ பறிக்க ஏணி வேண்டியிருக்கிறது.

இது செம்பருத்தியின் இயல்பு, நிமிர்ந்து வளர்ந்து உச்சியில் பூக்கும். எல்லாத் தண்டையும் ஒரே உயரத்தில் வெட்டினால் அந்த உயரத்தில் ஒரு துடைப்பம் கிடைக்கும். அதனால் வெவ்வேறு உயரத்தில் வெட்டுங்கள். ஐந்து தண்டு இருந்தால், மிக உயர்ந்த இரண்டை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வெட்டுங்கள். மற்ற மூன்றை இப்போதைக்கு விடுங்கள். வெட்டியவை துளிர்த்துப் பூக்க ஆரம்பித்த பிறகு அடுத்த இரண்டு. இப்படிச் செய்தால் ஒரே செடியில் கைக்கெட்டும் உயரத்திலிருந்து மேல் வரை பூ இருக்கும், பூஜைக்குப் பூ இல்லாத நாளும் இருக்காது.

வெட்டும் இடம் முக்கியம். செடிக்கு வெளிப்பக்கமாகப் பார்த்திருக்கும் ஒரு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, கணுவின் எதிர்ப்பக்கம் சரியும்படி சாய்வாக வெட்டுங்கள். துளிர் அந்தக் கணு பார்க்கும் திசையில்தான் போகும். உள்பக்கம் பார்த்த கணுவின் மேல் வெட்டினால், நீங்களே செடிக்குள் ஒரு புது அடைசலை உண்டாக்குகிறீர்கள்.

புதுத் துளிரில் மாவுப்பூச்சி வந்து உட்காரும், எறும்பு ஏறுவதுதான் அதற்கு முதல் அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள்.

காகிதப்பூ சுவரெல்லாம் ஏறிவிட்டது, முள் வேறு. இதை எப்படி அடக்குவது?

காகிதப்பூவை வெட்டிச் சதுரமாக்கிவிடுகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. வளைந்து விழும் கிளைதான் அந்தச் செடிக்கு அழகு. அந்த வளைவின் நெடுகப் பக்கக்குச்சிகள் வரும், அவற்றில்தான் வண்ணம். நாம் பூவிதழ் என்று நினைப்பது நிறமேறிய இலைகள், உள்ளே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ.

எனவே நீளமான சில கிளைகளைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூத்தொகுதி உதிர்ந்ததும், பூத்த பக்கக்குச்சிகளை மட்டும் அடியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து இலை பெரிதாக, முள் நீளமாக, பூவே இல்லாமல் விறுவிறுவென்று எழும்பும் போத்து ஒன்று வரும். அதைத் தேவையில்லையென்றால் பிறந்த இடத்திலேயே எடுத்துவிடுங்கள், பாதியில் வெட்டினால் இன்னும் நாலாகும். வெட்டிய பிறகு அதிகத் தண்ணீரும் யூரியாவும் கொடுக்க வேண்டாம். மண் நன்றாகக் காய்ந்து காய்ந்து தண்ணீர் பட்டால்தான் இது பூக்கும்.

தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். முள் இலைக்காம்பின் கக்கத்தில் மறைந்திருக்கும், இழுக்கும்போது கிளை திரும்பி முகத்தில் அடிக்கும். நீளக் கிளையை அப்படியே இழுக்காமல், துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

அரளியில் விஷம் என்கிறார்களே, வெட்டுவது ஆபத்தா?

அரளியின் இலை, தண்டு, பூ, வேர் அனைத்திலும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. மஞ்சளாகப் பூக்கும் தங்க அரளியும் அப்படியே, அதன் விதை இன்னும் கொடியது. வெட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கையுறை போடுங்கள், வேலை முடித்துக் கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். வெட்டியதை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடவே கூடாது, காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. எரிக்கவும் கூடாது, அந்தப் புகையே கெடுதல். குழந்தைகள் விளையாடக் குச்சி எடுக்காதபடி அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

நந்தியாவட்டை, தங்க அரளி, கிறிஸ்து முள் இவற்றில் பால் வடியும். கிறிஸ்து முள்ளின் பால் கண்ணில் தெறித்தால் பெரிய தொல்லை, கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

துஜா, கிறிஸ்துமஸ் மரம், அரிக்கா இவற்றையும் இதே மாதிரி வெட்டலாமா?

கூடாது. இந்த மூன்றும் வெட்டுவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டியவை. துஜாவின் வெளிப்புறத்தில்தான் பச்சை இருக்கும், உள்ளே பழுப்புக் கட்டை. பச்சை இருக்கும் வரைக்கும் வெட்டினால் துளிர்க்கும், பழுப்பில் வெட்டினால் அந்த இடம் கடைசிவரை ஓட்டையாகவே நிற்கும். எனவே சின்னதாக இருக்கும்போதிலிருந்தே நுனியை லேசாகக் கிள்ளி வளர்த்தால்தான் உண்டு.

கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரியில் விற்கும் அரக்காரியாவின் நடுக்குருத்தை வெட்டினால் அதன் உருவம் போயிற்று. பக்கக்கிளைகள் பக்கவாட்டிலேயேதான் போகும், எதுவும் நிமிர்ந்து தலைமை ஏற்காது. அரிக்கா பனையில் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே குருத்துதான், உச்சியை வெட்டினால் அந்தத் தண்டு செத்துவிடும். அடர்த்தி அதிகமானால் சில தண்டுகளைத் தரையோடு முழுசாக எடுங்கள்.

என்ன கருவி வாங்குவது?

இரண்டு வெட்டலகும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று கடந்து போகும் பைபாஸ் வகைக் கவாத்துக் கத்தரி ஒன்று, மடக்கு வாள் ஒன்று. பெரும்பாலான வீட்டுக்கு இவ்வளவு போதும். விரல் பருமன் வரை கத்தரி, அதற்கு மேல் வாள். நீளக் கைப்பிடி லாப்பர் இருந்தால் நடுத்தரப் பருமனுக்கு வசதி. அரிவாள் தண்டை வெட்டுவதைவிடப் பிளந்துவிடுகிறது, அந்தப் பிளவு ஆறுவது கஷ்டம்.

கத்தரியின் கூர்மை பற்றி அலட்சியம் வேண்டாம். வெட்டிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி, நார் நாராகத் தொங்கினால் சாணை பிடிக்க வேண்டும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அலகைத் துடைத்துவிடுங்கள்.

வெட்டிய இடத்தில் சாணியோ பெயிண்டோ பூச வேண்டுமா?

சரியான இடத்தில் வெட்டினால் தேவையில்லை. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இதுதான்: மரம் தன் காயத்தை நம் தோல் மாதிரி ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று இருக்கும், அந்தச் சுவர் எழும்பும் இடம் அதுதான். அந்த வளையத்தைச் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வெட்டினால் பாதுகாப்பையே வெட்டுகிறோம். நாலங்குலக் குச்சியாக விட்டால் அது காய்ந்து அழுகி உள்ளே இறங்கும். வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டுங்கள், மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும்.

பெயிண்டும் தாரும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். நுனிக்கருகல் அடிக்கடி வரும் ரோஜாவுக்கு மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுவது வழக்கம், அது பூஞ்சைக்கான மருந்து, மூடி அல்ல.

மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ள கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் கனத்தில் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் கால்வாசி அறுங்கள். அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்குங்கள். மிஞ்சும் முண்டை மட்டும் வளையத்தை ஒட்டி நிதானமாக எடுங்கள்.

வேலியாக நட்ட செடியையும் மட்டமாக வெட்டக் கூடாதா?

வேலி வேறு. 1848இல் அமைக்கப்பட்ட ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் கத்தரித்து உருவம் செய்த செடிகளைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஒரு கலைதான். அதற்கென்றே நெருக்கமாக நட்டு, சின்ன வயதிலிருந்தே பழக்கிய செடிகள் அவை. வீட்டு துரந்தா வேலியையும் அப்படி வெட்டலாம். ஒரே விதி, அடி அகலமாகவும் உச்சி சற்றுக் குறுகலாகவும் இருக்க வேண்டும். உச்சி அகலமானால் அடிக்கு வெயில் கிடைக்காமல் கீழே இலை கொட்டிவிடும்.

தங்க நிற துரந்தா, வரியிலை நந்தியாவட்டை போன்றவற்றில் திடீரென்று முழுப்பச்சைக் கிளை ஒன்று வரும். பச்சையம் அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றதை மூடிவிடும். பார்த்த உடனே அதன் பிறப்பிடத்தில் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு கழித்தாலும் ஜன்னலை மறைக்கிறது. எடுத்துவிடுவதுதான் வழியா?

அந்த இடத்துக்கு அந்தச் செடி பெரிது என்றால் வருடம் முழுக்க அதோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான். எடுப்பதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. அரளி, பவழமல்லி, நந்தியாவட்டை மூன்றையும் சிறு மரமாக்கலாம். நன்றாக இருக்கும் மூன்று தண்டுகளைத் தேர்ந்து, அவற்றில் ஜன்னலின் மேல்விளிம்பு உயரம் வரை பக்கக்கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பருவத்தில், எடுத்துவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் தண்டுகளுக்கு நடுவே வரும், மேலே நிழல் இருக்கும். பழைய பவழமல்லி இப்படி நின்று விடியற்காலையில் வாசலில் பூ உதிர்ப்பதைப் பார்த்தவர்கள் அதை எடுக்க மாட்டார்கள்.

வேலைக்கு வருபவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவர் வேகமாக மட்டம் தட்டிவிடுகிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது, மட்டமாக வெட்டினால்தான் வேலை செய்ததாக நினைத்துப் பணம் கொடுக்கிறோம். ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, மேலே மட்டம் பண்ண வேண்டாம். காஞ்சதை முதல்ல எடுத்துடுங்க. அடியில முத்தின தண்டு ரெண்டு, நான் துணி கட்டியிருக்கேன், அதைத் தரையோட எடுங்க. அரிவாள் வேண்டாம், கத்தரியும் வாளும் இருக்கு." எடுக்க வேண்டிய தண்டுகளில் முன்னாலேயே சிவப்புத் துணியோ கயிறோ கட்டி வைத்துவிட்டால் குழப்பமே வராது. இந்த வேலைக்கு நேரம் கூடுதலாகும், கூலியும் அதற்கேற்பக் கொடுங்கள்.

உள்ளே குருவிக்கூடு இருந்தால்?

குஞ்சு பறக்கும் வரை காத்திருங்கள். தையல்சிட்டு இரண்டு இலையை நாரால் தைத்துக் கூடு வைக்கும், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தேன்சிட்டின் கூடு கிளை நுனியில் குப்பை தொங்குவது போலவே இருக்கும். கத்தரியைத் தொடும் முன் ஐந்து நிமிடம் சற்றுத் தள்ளி அமைதியாக நில்லுங்கள். ஒரு பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போய் வந்தால் அங்கே கூடு இருக்கிறது. குளவிக்கூடும் இப்படித்தான் தெரியும்.

வெட்டிய பிறகு என்ன பராமரிப்பு? வெட்டிய கிளைகளை என்ன செய்வது?

வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி இரண்டு கூடை மட்கிய சாணம் போட்டு, சருகால் மூடாக்கு இட்டுத் தண்ணீர் விடுங்கள். இலை குறைந்துவிட்டதால் செடிக்கு முன்பு போல் தண்ணீர் தேவைப்படாது, மண் மேலாகக் காய்ந்ததும் விட்டால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் தெரியும். ஒரே இடத்தில் கொத்தாக வந்தால், இளசாக இருக்கும்போதே விரலால் ஒடித்து ஒன்றிரண்டை மட்டும் வையுங்கள். ஒட்டு ரோஜாவாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைப் பார்த்ததும் எடுங்கள், அது வேர்ச்செடியின் துளிர்.

அரளி, தங்க அரளி தவிர மற்றவற்றின் இலையை மட்கவிடலாம், குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கிச் செடியடியிலேயே பரப்பலாம். மாவுப்பூச்சி பிடித்ததை மட்டும் பையில் கட்டி வெளியே அனுப்புங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ மூன்றிலும் பென்சில் பருமன் உள்ள முற்றிய குச்சியாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றி வையுங்கள். எந்த முனை கீழ் என்று குழம்பாமல் இருக்க, வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிக்கொள்ளுங்கள்.